மாட்டுக் கொட்டிலும் மாதா கோயிலும்: என் அப்பத்தாவின் வரலாறு

லிட்டில் இந்தியாவுக்குப் பிள்ளைகளை மரபுடைமைச் சுற்றுலா அழைத்துச் செல்லும் தமிழாசிரியர்கள் பெரும்பாலும் தெருப்பெயர்களில்தான் பாடத்தைத் தொடங்குவோம். பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை ஆகிய இரண்டுமே எருமையைக் குறிப்பவை. முன்னது ஆங்கிலம், பின்னது மலாய். லெம்பு சாலை என்றால் மாட்டுச் சாலை. பெலிலியோஸ் சாலை, கால்நடை வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டிய யூதரான ஐ. ஆர். பெலிலியோஸின் பெயரைத் தாங்கி நிற்கிறது. டெஸ்கர் சாலை, இறைச்சிக்கூடம் நடத்திய ஆண்ட்ரே டெஸ்கரின் பெயரைப் பெற்றது. ரோச்சோர் ஆற்றின் நீரும் அதையொட்டிய புல்வெளிகளும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வட்டாரத்தைக் கால்நடைப் பூமியாக்கின. மாடுகளை நம்பிப் பால்காரர்களும் வண்டிக்காரர்களும் வந்தனர். அவர்களை நம்பிக் கடைகள் வந்தன. 1930களில் நகராட்சியின் கெடுபிடியால் மாட்டுத் தொழில் இங்கிருந்து மெல்ல ஒழிந்தது. இவ்வளவும் தகவல் பலகைகளில் உண்டு. நாமும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுகிறோம்.

அவற்றில் காணக் கிடைக்காதவர்கள் பெண்கள். மாட்டைக் கொண்டுவந்து விற்றவர் பெயரில் சாலை இருக்கிறது. அறுத்து விற்றவர் பெயரில் சாலை இருக்கிறது. எருமைக்கே இரண்டு சாலைகள் இருக்கின்றன. பால் கறந்தவள், கன்றைத் தேற்றியவள், சாணம் அள்ளியவள் ஆகியோர் எவர் பெயரும் எங்கும் இல்லை. அதனால்தான் "மாடு வளர்ப்பது ஆண்கள் தொழில்" என்று நம் மாணவர்கள் கட்டுரையில் எழுதிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. நாம் காட்டிய ஆதாரங்கள் அப்படி.

ஆகவே இம்முறை பலகையில் இடம்பெறாத ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அவர் என் தந்தையைப் பெற்றவர். எங்கள் வழக்கில் அப்பத்தா. கால்நடை நாட்டில் பிறந்து, சிங்கப்பூரில் மாடு வளர்த்து, கத்தோலிக்க வேதத்தில் ஊறி வாழ்ந்து, 2003ஆம் ஆண்டு தம் 78ஆம் வயதில் ஹவ்காங் அடுக்குமாடி வீட்டில் காலமானவர். குடும்பத்தார் விருப்பப்படி அவருடைய பெயரை இங்கு எழுதவில்லை.

அவர் பிறந்தது 1925ஆம் ஆண்டு, அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில், இன்றைய சிவகங்கை மாவட்டத்தில் உள்ள இடைக்காட்டூருக்கு அருகே ஒரு சிற்றூரில். வைகைக் கரையை ஒட்டிய நாடு அது. இடைக்காட்டூர் என்ற பெயரை ஆடு மாடு மேய்த்த இடைக்காட்டுச் சித்தரோடு இணைத்துப் பேசுவது அவ்வூர் மரபு. பெயரிலேயே மேய்ச்சல் இருக்கும் ஊர்! அந்தச் சீமையின் மாட்டுக்குப் புலிக்குளம் மாடு என்று பெயர்; சிவகங்கை மாவட்டத்தில் உள்ள புலிக்குளம் என்னும் ஊரின் பெயரால் வழங்குவது. ஏறுதழுவுதலில் சீறிவரும் காளைகளில் பல இந்த இனத்தவை. ஆனால் அப்பத்தா அவற்றைப் புலிக்குளம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவருக்கு அவை 'கிடைமாடு'.

கிடை என்றால் என்ன என்று இன்று பொங்கோலில் வளரும் ஒரு பிள்ளைக்கு விளக்க வேண்டுமானால் சற்று நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். அறுவடை முடிந்த வயலில் இரவு நேரத்தில் மாட்டு மந்தையை அடைத்து வைப்பார்கள். சாணமும் கோமியமும் நிலத்தில் இறங்கும். நிலக்காரர் அதற்குக் கூலியாக நெல்லோ பணமோ கொடுப்பார். சில இரவுகள் கழித்து மந்தை அடுத்த வயலுக்குப் போகும். பிறகு அடுத்த ஊருக்குப் போகும். பல குடும்பங்களின் மாடுகள் ஒரே மந்தையில் சேர்ந்திருக்கும். இந்த மாடுகள் பாலுக்குப் பெயர்போனவை அல்ல. எருவுக்கும் உழவுக்கும் வளர்க்கப்பட்டவை. வேலியில்லாத வெட்டவெளியில் வளர்ந்ததால் அரைக்காட்டு மிருகங்கள். புதிய ஆள் நெருங்க முடியாது. ஆனால் ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு பெயர் இருந்தது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மந்தையிலிருந்து அந்த மாடு மட்டும் தலையைத் தூக்கும் என்பார் அப்பத்தா. ஆண்கள் கிடையோடு ஊர் ஊராகப் போய்விட, கன்றுகளும் சினைமாடுகளும் பெண்கள் பொறுப்பில் வீட்டில் தங்கின. எட்டு வயதில் அவர் கையில் கன்று மேய்க்கும் கோலைக் கொடுத்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் அத்தோடு முடிந்தது.

இந்த மேய்ச்சல் காட்டின் நடுவே, 1894ஆம் ஆண்டு, ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் பிரான்ஸ் நாட்டு ரெய்ம்ஸ் பேராலயத்தை மாதிரியாக வைத்துத் திரு இருதய ஆலயத்தைக் கட்டி எழுப்பினார். அவர் இயேசு சபையைச் சேர்ந்த பெர்டினாண்டு செல். கூர்மாடக் கோபுரங்களும் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களும் சுடுமண் வேலைப்பாடுகளும் கொண்ட அந்த ஆலயம் இன்றும் காண்போரை வியக்க வைக்கிறது. புழுதி பறக்கும் மாட்டுப் பாதையில் நடந்து வந்த ஒரு சிறுமிக்கு அது எப்படித் தோன்றியிருக்கும்! "மோட்சம் செங்கல்லாலதான் கட்டியிருக்குன்னு நெனச்சேன்" என்று அப்பத்தா எங்களிடம் சொல்வதுண்டு.

அந்நாட்டு வேதக்காரர்களுக்கு மற்றொரு புண்ணியத் தலம் ஓரியூர். 1693ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் அருளானந்தர் என்னும் ஜான் தெ பிரிட்டோ தலை வெட்டப்பட்டு உயிர்நீத்த இடம். அவர் 1947ஆம் ஆண்டு புனிதராக அறிவிக்கப்பட்டபோது அப்பத்தாவுக்கு 22 வயது. மணமாகி ஓராண்டு கடந்திருந்தது. இரத்தத்தால் சிவந்தது என்று மக்கள் நம்பும் ஓரியூர்ச் செம்மணலில் ஒரு பிடி, சிறு துணி முடிச்சில் அவருடன் சிங்கப்பூர் வரை வந்தது.

பண்டிகைகளில் அவருக்கு உயிரானது கிறிஸ்துமஸ் அன்று. ஜனவரி 17ஆம் நாள் வரும் வனத்து அந்தோணியார் திருநாள். மூன்றாம் நான்காம் நூற்றாண்டுகளில் எகிப்துப் பாலைவனத்தில் தவம் செய்த துறவி அவர். கால்நடைகளின் பாதுகாவலராகக் கத்தோலிக்க உலகம் அவரைக் கொண்டாடுகிறது. திருநாள் மாட்டுப் பொங்கலை ஒட்டி வருவதைக் கவனியுங்கள். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கச் சிற்றூர்களில் பொங்கலும் இத்திருநாளும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் பூசி, கோயிலுக்கு ஓட்டிவந்து மந்திரித்த தண்ணீர் தெளித்துக்கொண்டு போவார்கள். எது ஊர் வழக்கம், எது வேதம் என்று அவர்கள் பிரித்துப் பார்த்ததில்லை. நாமும் பிரிக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

அப்பத்தா 1949ஆம் ஆண்டு நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறினார். நம் முன்னோரில் பலரைச் சுமந்து வந்த கப்பல் அது. 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு அந்தக் கடல்வழியில் ஓடியது. மேல்தளப் பயணிகள் நகருக்குள் நுழையுமுன் செயின்ட் ஜான்ஸ் தீவில் நோய்த்தடுப்புக்காகத் தங்க வைக்கப்பட்ட காலம். அந்தத் தீவில் தங்கிய நாள்களைப் பற்றி அப்பத்தா சொன்ன ஒரே செய்தி, அங்கே மாடே இல்லை என்பதுதான்.

தாத்தா அவருக்கு முன்னரே இங்கு வந்து பால்காரர் ஒருவரிடம் வேலை பார்த்தார். மாட்டுக் கொட்டில்கள் அப்போது நகரை விட்டு விலகியிருந்தன. அப்பர் சிராங்கூன் பக்கம் ஒரு கம்பத்தில் அத்தாப்புக் கூரை வீடும் அதை ஒட்டிய கொட்டிலும் அவர்களுக்கு வாய்த்தன. சில ஆண்டுகளில் சொந்தமாக மூன்று மாடுகள் வாங்கினார்கள்; பிறகு அவை ஏழாயின. இங்கிருந்தவை கறவை இனங்கள். கிடைமாட்டோடு பழகியவருக்கு அவற்றின் சாதுவான குணம் ஏமாற்றம் தந்ததாம். "கூப்பிட்டா எல்லா மாடும் திரும்பிப் பாக்குது" என்று அலுத்துக்கொள்வார்.

என் தந்தை 1951ஆம் ஆண்டு கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் பிறந்தார். 1924 முதல் மகப்பேற்று மருத்துவமனையாக இயங்கி, சிங்கப்பூரர்களில் பெரும்பகுதியினரை வரவேற்ற இடம் அது. கண்டாங் கெர்பாவ் என்பதற்கு மலாய் மொழியில் எருமைக் கொட்டில் என்று பொருள். பக்கத்துக் கட்டிலில் இருந்த மலாய்ப் பெண்மணி இதை விளக்கியபோது அப்பத்தாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஏசுசாமியைப் போலத் தம் மகனும் தொழுவத்தில்தான் பிறந்தான் என்று கோயிலில் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தாராம். கிறிஸ்துமஸ் தோறும் இக்கதை எங்கள் வீட்டில் சொல்லப்படும். தந்தைக்கு அது அறவே பிடிக்காது. அந்த வெறுப்புக்கு ஒரு காரணம் இருந்தது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

அவருடைய ஒரு நாளைப் பாருங்கள். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து கொட்டிலைக் கூட்டிக் கழுவ வேண்டும். கன்றை ஊட்டவிட்டு, மடியைக் கழுவிக் கறக்க வேண்டும். ஐந்து மணிக்குத் தாத்தா பால் பாத்திரங்களை மிதிவண்டியில் கட்டிக்கொண்டு புறப்படுவார். அதன்பின் அப்பத்தா கை கால் கழுவி, முக்காடிட்டு, காலைப் பூசைக்கு நடப்பார். இதில் இன்றைய கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கே தெரியாத ஒரு செய்தி உண்டு. அக்காலத்தில் நன்மை வாங்க விரும்புவோர் நள்ளிரவு முதல் ஒன்றும் உண்ணக்கூடாது. தண்ணீருக்கு மட்டும் 1953இல்தான் விலக்குக் கிடைத்தது. 1957இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் உண்ணாநேரத்தை மூன்று மணியாகக் குறைத்தார். அதுவரை, பூசைக்குப் போகும் நாள்களில், நுரை பொங்கும் பாலுக்கு நடுவே மூன்று மணி நேரம் வேலை செய்தும் அவர் ஒரு வாய் குடித்ததில்லை. "பசிக்காதா அப்பத்தா?" என்று நான் கேட்டதுண்டு. "மாடு மட்டும் தன் பாலைத் தானே குடிக்குதா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமையும் பால் கறக்க வேண்டியிருக்கிறதே, ஓய்வுநாள் கட்டளையை மீறுகிறோமே என்பது அவருடைய மனத்தை நெடுங்காலம் அரித்த கவலை. பாவசங்கீர்த்தனத்தில் இதையே திரும்பத் திரும்பச் சொல்ல, ஒரு பாதிரியார், ஓய்வுநாளில் கிணற்றில் விழுந்த மாட்டைப் பற்றி இயேசு கேட்ட கேள்வியை நினைவூட்டி, இனி இதைப் பாவமென்று சொல்லிக்கொண்டு வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். நற்செய்தியில் அப்பத்தாவுக்கு முகவரியோடு தெரிந்த பகுதி அது ஒன்றுதான்.

பால் வணிகம் அன்றைக்கே நெருக்கடியில் இருந்தது. ஒருபுறம், 1930 வாக்கில் புக்கிட் தீமா பக்கம் தொடங்கப்பட்ட பெரிய பால் பண்ணை, கிருமி நீக்கிய பாலை விற்றது. டெய்ரி ஃபார்ம் சாலை அதன் நினைவு. அதன் பழைய மாட்டுக் கொட்டில் ஒன்றுதான் பின்னர் வாலஸ் கல்வி நிலையமாக மாற்றப்பட்டது. மறுபுறம், மளிகைக்கடை தோறும் தகரப்பால் குவிந்தது. சர்க்கரை சேர்த்த அந்தக் கெட்டிப்பாலைக் குழந்தைகளுக்குப் புகட்டுவது உயிருக்கே உலை வைப்பது என்று மருத்துவர் சிசலி வில்லியம்ஸ் 1939ஆம் ஆண்டு சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் ஆற்றிய உரை உலகப் புகழ்பெற்றது. பெற்றோர்கள் அதைத் தேடிப் படிக்கலாம், இன்றும் பொருந்தும். அப்பத்தா அந்த மருத்துவரைக் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் பச்சிளங்குழந்தைக்குத் தகரப்பால் வாங்கப்போகும் தாய்மாரைக் கண்டால் வழிமறித்துச் சண்டை போடுவார். அதில் வணிக நோக்கமும் சிறிது இருந்திருக்கலாம்!

அவருக்கு இரண்டு கோயில்கள் இருந்தன. வாரநாள்களில் வீட்டுக்கு அருகே இருந்த அப்பர் சிராங்கூன் மாதா பிறப்பு ஆலயம். ஞாயிறுகளில் பேருந்தேறி ஓஃபிர் சாலை லூர்து மாதா ஆலயம்.

லூர்து மாதா ஆலயம் தமிழருக்கென்றே எழுந்தது. அதற்குமுன் தமிழ்க் கத்தோலிக்கர்கள் குவீன் ஸ்திரீட்டில் 1870இல் கட்டப்பட்ட புனித பேதுரு, பவுல் ஆலயத்தில் சீனரோடு சேர்ந்து வழிபட்டனர். பாதிரியார் பியேர் பாரி இரு சமூகத்தாருக்கும் ஒருங்கே பணியாற்றினார். பிறகு 1886இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1888ஆம் ஆண்டு மே மாதம் லூர்து மாதா ஆலயம் மந்திரிக்கப்பட்டது. பிரான்ஸ் நாட்டு லூர்து நகரில் 1858ஆம் ஆண்டு மாதாவைக் கண்டதாகச் சொன்ன பெர்னதெத், ஆடு மேய்த்த ஏழைச் சிறுமி. அப்பத்தாவுக்கு இது பெரிய பெருமை. மாதா ராணிக்கோ கன்னியர்மடத்துத் தாயாருக்கோ காட்சி கொடுக்காமல் மேய்க்கிற பிள்ளைக்குக் கொடுத்தாரே என்று சொல்லிச் சொல்லி மகிழ்வார். ஞாயிறு பிரசங்கம் அங்கே தமிழில். மணிக்கணக்கில் ஊர்க்கதை பேச ஆள் உண்டு. ஒரு வாரத்துக்கு வேண்டிய தமிழை அங்கிருந்துதான் சேமித்துக்கொண்டு வந்தார் எனலாம்.

வாரநாள் கோயில் முற்றிலும் வேறு உலகம். மாதா பிறப்பு ஆலயம் 1853இல் தொடங்கிய தியோச்சியூ சீனக் கத்தோலிக்கரின் பங்கு. இன்றைய கட்டடம் 1901இல் எழுந்தது. சுற்றிலும் காய்கறித் தோட்டங்களும் பன்றிப் பண்ணைகளும். பொங்கோல் சாலை நெடுகிலும் அப்படித்தான். நாம் இன்று தூக்குரயிலில் கடந்து போகும் பொங்கோல், அன்று பன்றிக்கும் கோழிக்கும் பெயர்போன கால்நடை நாடு. பசாப்பா என்னும் இந்தியச் செல்வர் 1920களில் தம் மிருகக்காட்சிசாலையைச் சிராங்கூன் சாலையிலிருந்து பொங்கோலுக்கு மாற்றி, 1942இல் போர் வரும்வரை நடத்தினார் என்பதும் பலருக்குத் தெரியாத செய்தி. புலியும் பன்றியும் ஒரே ஊரில்!

அந்த ஆலயத்துக்கு விடியற்காலையில் வந்த பெண்களில் பன்றிப் பண்ணைக்காரர்கள் பலர். அவர்களும் மூன்று மணிக்கு எழுந்தவர்கள். அவர்கள் கையிலும் கொட்டில் வாடை போகாது. அவர்களுள் ஒருவர் அப்பத்தாவுக்கு உற்ற தோழியானார். இருவருக்கும் பொதுமொழி சந்தை மலாய்ச் சொற்கள் சில மட்டுமே. ஒருமுறை மாடு கன்று ஈன்றபோது அப்பத்தா சீம்பாலைக் கொண்டுபோய்க் கொடுத்தாராம். தோழி அதைச் சாதாரணப் பால் என்று எண்ணிக் காய்ச்ச, அது கட்டியாகிவிட்டது. கெட்டுப்போன பாலைக் கொடுத்துவிட்டாள் என்று ஒரு வாரம் பேச்சில்லை. அப்பத்தா ஊரிலிருந்து கொண்டுவந்த வனத்து அந்தோணியார் படத்தில் அவர் காலடியில் ஒரு பன்றி நிற்கும். இடைக்கால ஐரோப்பாவில் அவர் பெயரால் அமைந்த துறவற சபையினர், பிணியாளருக்கு உதவப் பன்றி வளர்த்ததன் அடையாளம் அது. ஊரில் யாருக்கும் அதன் காரணம் புரிந்ததில்லை. தோழிக்கு அந்தப் படத்தைக் காட்டியதும் அவர் பன்றியைத் தொட்டுத் தொட்டு முத்தமிட்டாராம். அதன்பின் ஜனவரி 17இல் அப்பத்தா தம் மாடுகளின் நெற்றியில் சிலுவை வரைந்து மந்திரித்த உப்பு ஊட்டிவிட்டு, மீதி உப்பைத் தோழியின் பன்றிகளுக்குக் கொடுத்தனுப்புவது வழக்கமாயிற்று.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். அப்பத்தா பிறந்த சீமையில், கோயிலுக்குள் யார் எங்கே உட்கார வேண்டும் என்பதைப் பிறப்புத் தீர்மானித்த காலம் அது. வேதம் மாறியும் சாதி மாறாத அந்தக் கொடுமை தமிழ்நாட்டுத் திருச்சபை வரலாற்றின் பெருங்களங்கம். சிங்கப்பூரில், மொழி புரியாத சீனப் பெண்ணோடு ஒரே பலகையில் தோள் உரச முழந்தாளிட்டபோதுதான் கோயில் தமக்கும் சொந்தம் என்று தோன்றியதாக அவர் சொல்லியிருக்கிறார்.

அவர்களை இணைத்தது இலத்தீன் பூசை. பீடத்தில் பாதிரியார் இலத்தீனில் பூசை செய்ய, அப்பத்தா தமிழில் செபமாலை உருட்டுவார், தோழி தியோச்சியூவில் உருட்டுவார். இலத்தீன் இருவருக்கும் தெரியாது. ஆகவே இருவரும் சமம். மணி அடித்தால் இருவரும் தலை குனிவார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட வழிபாட்டு ஆவணம் மக்கள் மொழிகளுக்கு வாசல் திறந்தது. தமிழாசிரியராக நான் அதைக் கொண்டாடுகிறேன். தமிழ் பீடமேறிய நாள் அல்லவா! ஆனால் வரலாறு ஒருபக்கமாக நடப்பதில்லை. மக்கள் மொழிகள் வந்தபின் தமிழருக்குத் தமிழ்ப் பூசை, சீனருக்குச் சீனப் பூசை என்று நேரமும் இடமும் பிரிந்தன. அப்பத்தா முதன்முறையாகப் பூசையின் முழுப்பொருளையும் தாய்மொழியில் கேட்டார். அதே ஆண்டுகளில் பக்கத்தில் முழந்தாளிட்ட தோழியை இழந்தார்.

வந்த தமிழும் அவருடைய தமிழாக இல்லை. அவருடைய செபத்தமிழில் கடவுள் 'சர்வேசுரன்', புனிதர் 'அர்ச்சியசிஷ்டர்', அருள் 'பிரியதத்தம்', தூய ஆவி 'இஸ்பிரீத்து சாந்து'. இறுதியாகச் சொன்னது போர்த்துக்கீசியத்திலிருந்து வந்து தமிழ் நாவில் பழகிய தொடர். இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலாகிய 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. அதைத் தந்த அன்ரீக்கே அன்ரீக்கஸ் காலம் தொட்டு, தத்துவ போதகர், வீரமாமுனிவர் காலங்களைக் கடந்து, நானூறு ஆண்டுகள் செதுக்கப்பட்ட ஒரு தனித்தமிழ் வழக்கு அது. தனித்தமிழ் என்று இங்கே நான் சொல்வது வடமொழி கலவாத தமிழை அன்று. அதில் வடமொழி நிரம்பவே உண்டு. வேறெங்கும் கேட்க முடியாத தமிழ் என்ற பொருளில் சொல்கிறேன். புதிய செபங்கள் எளிய, நல்ல தமிழில் வந்தன. 'பூசை' 'திருப்பலி' ஆயிற்று. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண், செவிவழியே இருபது முப்பது செபங்களை மனப்பாடமாக வைத்திருந்தவர், நாற்பது வயதில் அனைத்தையும் மறந்து புதிதாகக் கற்பது எளிதா? கோயிலில் மற்றவர்களோடு புதியதைச் சொல்வார். கொட்டிலில், மாட்டின் விலாவில் நெற்றியைச் சாய்த்துக் கறக்கும்போது, பழையதையே சொல்வார். மாடுகளுக்குப் பழையதுதான் பழக்கம் என்பது அவர் சொன்ன காரணம்.

தாத்தா 1969இல் இறந்தார். பிடாடரி கல்லறையில் அடக்கம். அப்பத்தா தனியாக ஐந்து மாடுகளோடு போராடினார். 1970களின் நடுவில் கம்பம் கலைக்கப்பட்டது. மாற்று வீடு கிடைத்தது; மாட்டுக்கு மாற்று இடமில்லை. ஒவ்வொன்றாக விற்றார். அந்த நாளைப் பற்றி அவர் பேசியதே இல்லை. பொங்கோல் பன்றிகளுக்கும் அதே கதி சிறிது பிந்தி வந்தது. பன்றி வளர்ப்பைப் படிப்படியாக நிறுத்துவதென்று 1984இல் அரசாங்கம் முடிவெடுத்தது. சில ஆண்டுகளில் அதுவும் முடிந்தது. நகர வளர்ச்சியை நான் பழிக்கவில்லை. அந்த நிலத்தில் எழுந்த வீட்டில்தான் குடியிருக்கிறேன். 2017இல் பொங்கோலில் புதிய கத்தோலிக்க ஆலயமும் திறக்கப்பட்டது. ஆனால் இழப்பீட்டுத் தொகையில் கணக்கிடப்படாதவை சில உண்டு.

இனி என் தந்தையின் வெறுப்புக்கு வருகிறேன். அவர் படித்த பள்ளியில் அவரை 'சாணி' என்றே அழைத்தார்கள். பிள்ளைகள் மட்டும் அல்லர். ஓர் ஆசிரியரும் அப்படித்தான் அழைத்தாராம். காலையில் கொட்டில் வேலை முடித்துவிட்டு வரும் சிறுவன் சட்டையில் வாடை இருக்கத்தானே செய்யும்? அவரைக் கடைசிப் பலகையில் தனியாக உட்கார வைத்தார்கள். வேலைக்குப் போய்த் திருமணமான பின்னும் தம் தாய் மாடு வளர்த்தார் என்பதை எவரிடமும் சொன்னதில்லை. வீட்டில் அப்பத்தா பேச்செடுத்தால் வானொலியின் ஒலியைக் கூட்டுவார். அப்பத்தாவும் புரிந்துகொண்டு பேச்சைக் குறைத்தார். பேரப்பிள்ளைகளான எங்களிடம் மட்டும், தந்தை வீட்டில் இல்லாத நேரத்தில், சமையற்கட்டில் சொன்னவையே மேலே நான் எழுதியவை.

ஆசிரிய நண்பர்களே, குடும்ப வரலாறு எழுதி வரச் சொல்லும்போது நம் கைக்கு வருவது ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் சொல்ல விரும்பியது மட்டுமே. இன்னொருவர் வெட்கப்பட்டு மறைத்தது வருவதில்லை. "உன் பாட்டி என்ன வேலை செய்தார்?" என்று கேட்டால், "இல்லத்தரசி" என்ற ஒரே விடைதான் நாற்பது தாளிலும் வரும். நான் இப்போது அப்படிக் கேட்பதில்லை. "பாட்டி எத்தனை மணிக்கு எழுந்தார்? எழுந்ததும் முதலில் எதைத் தொட்டார்?" என்று கேட்கச் சொல்கிறேன். ஒரு மாணவியின் பாட்டி முதலில் தொட்டது இரப்பர் மரத்தை என்று விடை வந்தது. கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. பங்கு ஆலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடுகள். என் தந்தையின் பதிவைத் தேடிப் பார்த்தேன்: நாள், பெற்றோர் பெயர், ஞானத்தாய் தந்தையர் பெயர், பாதிரியார் கையொப்பம். எல்லாம் இலத்தீனில். அதில் அப்பத்தாவின் பெயர் எழுதப்பட்டிருந்த விதத்தை அவரிடமே வாசித்துக் காட்டினால், யாரோ வெள்ளைக்காரி என்று நினைத்திருப்பார்.

பிடாடரியின் கிறிஸ்துவக் கல்லறைகள் 2001ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கித் தோண்டி அகற்றப்பட்டன. தாத்தாவின் முறை வந்தபோது அப்பத்தா தாமே வருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். எலும்புகளைப் பெட்டியில் வைக்குமுன் தம் துணி முடிச்சை அவிழ்த்து, ஓரியூர் மணலில் பாதியை அதில் தூவினார். மீதிப் பாதி அடுத்த ஆண்டு அவருடைய பெட்டிக்குள் சென்றது. பழைய செபங்களை அவர் சொல்ல, ஓர் ஒலிநாடாவில் பதிவு செய்து வைத்திருக்கிறேன், 40 நிமிடங்கள். இடையிடையே, செபத்தை நிறுத்தாமலே, எங்கள் வீட்டுக் குழாயை மூடச் சொல்லி அதட்டும் குரலும் கேட்கிறது.

பொங்கலை ஒட்டி லிட்டில் இந்தியாவுக்கு உள்ளூர்ப் பண்ணையிலிருந்து மாடுகளைக் கொண்டுவந்து பிள்ளைகளுக்குக் காட்டுவது வழக்கம். 2018ஆம் ஆண்டு என் பிள்ளைகள் தாத்தாவையும் கட்டாயப்படுத்தி அழைத்து வந்துவிட்டார்கள். தந்தைக்கு அப்போது 66 வயது. கூட்டத்துக்குப் பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். சற்று நேரத்தில் தடுப்புக் கம்பி அருகே போய், பசுவைக் குனிந்து பார்த்தார். பிறகு காவலுக்கு நின்ற இளைஞரை அழைத்து, "தம்பி, மடி கனத்திருக்கு. காலையில சரியா கறக்கலையா?" என்று கேட்டார். அந்த இளைஞர், ஐயாவுக்கு எப்படித் தெரியும் என்று வியந்தார்.

"எங்கம்மா மாடு வச்சிருந்தாங்க" என்றார் என் தந்தை.